நீர்க்கறை படிந்த முதற்பதிப்புகள்: எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு

பழைய தமிழ் நூல்களைத் தேடிச் சேர்க்கும் பித்துப் பிடித்தவர்கள் வேறு நகரங்களில் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கலாம். மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீட்டுப் படலையைத்தான் தட்ட வேண்டும். ஆகவே நகரத்தில் அதிகம் தங்காமல், கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கே புறப்பட்டேன்.

தேடியவை இப்பகுதியின் வரலாற்றையும் வாழ்வையும் சொல்லும் இரண்டு நூல்கள்: எவ். எக்ஸ். சீ. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த 'மட்டக்களப்பு மான்மியம்', வித்துவான் வி. சீ. கந்தையா எழுதி 1964இல் வெளிவந்த 'மட்டக்களப்புத் தமிழகம்'. இரண்டுக்கும் மறுபதிப்புகள் உண்டு, வாசிப்பதற்கு அவை தாராளமாகப் போதும். முதற்பதிப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் உறக்கம் வராதவர்களுக்குத்தான் இந்த அலைச்சல்.

வழியில், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை எனப்படும் கடலோரப் பக்கத்து வீடொன்றில், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் நனைந்து மீண்ட சில நூல்களைக் கண்டேன். வெயிலில் எத்தனை முறை காயவைத்தாலும் தாளில் ஊறிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், ஒவ்வொரு மாரிக்கும் அவை மறுபடி கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கம்பி அடித்துக் கட்டியவற்றின் நிலை இன்னும் மோசம். கம்பி துருவேறி, துளையைச் சுற்றியுள்ள தாளையும் தின்றுவிட்டது. நூலால் தைத்தவையே ஓரளவு உருக்குலையாமல் இருந்தன.

குருமண்வெளித் துறையில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால், மேற்குப் பக்கமான படுவான்கரையில் மண்டூர். முருகன் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர்தான் வித்துவான் கந்தையா பிறந்த ஊருமாகும். அங்கே முதியவர் ஒருவர், வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்த 'மட்டக்களப்புத் தமிழக'த்தின் 1964ஆம் ஆண்டுப் பிரதியை என் முன்னால் விரித்தார். முதுகு கிழிந்து வேறு துணி ஒட்டப்பட்டிருந்தது. பக்கங்களின் மேல் மூலையிலிருந்து தேயிலைச் சாய நிறத்தில் ஒரு கறை சரிந்து இறங்கியிருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவுச் சூறாவளியில் கூரை போய், மழை அலுமாரிக்குள் இறங்கியபோது பட்டதாம். மழைநீர் மேலிருந்து வந்ததால் கறையும் மேலிருந்தே தொடங்குகிறது. எழுவான்கரையில் பார்த்த நூல்களில் அது கீழிருந்து ஏறியிருந்தது. பக்கங்கள் உப்பிப்போயிருந்தாலும் ஒட்டவில்லை, எழுத்தும் கலங்கவில்லை.

விலையை மெல்லக் கேட்டேன். "மனே, காசுக்குக் குடுக்கிற சாமான் இல்ல இது. இருந்து பாத்திட்டுப் போ" என்றார். உரிய பதில்தான். பக்கங்களைப் படம்பிடிக்க மட்டும் தடை சொல்லவில்லை. நடுப்பகலிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வேலையே நடந்தது.

மறுநாள் தெற்கே போய், விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவைப் பார்த்தேன். அவரது 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டுப் பதிப்பு அங்கும் என் கண்ணில் படவில்லை. வேறொரு கிராமத்துக் கண்ணகி அம்மன் கோயிலில், வைகாசிச் சடங்கில் பாடப்படும், கண்ணகி கதை சொல்லும் வழக்குரை ஓலை ஏட்டை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தூரத்திலிருந்து காட்டினார். இரு மரச் சட்டங்களுக்கிடையில் கயிறு சுற்றிய கட்டு அது. கரி பூசிய எழுத்துகளின் கறுப்பு ஓரங்களிலும் தெரிந்தது. தொட அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. வழிபாட்டில் இருக்கும் ஏட்டுக்கு விலை பேசும் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இத்தகைய ஏடுகளைக் கொண்டு 'கண்ணகி வழக்குரை'யை அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அதே கந்தையாதான். அந்தப் பழைய அச்சுப் பிரதியையே இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது கொடுக்கும் எண்ணத்தோடு இருந்தால் அறியத் தாருங்கள். மழைக்கறை பட்டிருந்தாலும் அதைக் காட்டி விலையைக் குறைக்கமாட்டேன்.