மேடிசனில் தங்கிவிட்ட நால்வர்

பிரஸ்ஸெல்ஸ் நகரத்து இசைக் கல்லூரி மாணவர்கள் 1912ஆம் ஆண்டுவாக்கில் சேர்ந்து தொடங்கிய புரோ ஆர்ட்டே குவார்டெட் என்ற நால்வர் குழு, அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து இசைப் பள்ளியில் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று என்ற அமைப்பு மட்டும்தான் அன்றுபோலவே இருக்கிறது. தொடங்கியவர்கள் எவரும் இன்றில்லை, ஊரும் நாடும் மாறிவிட்டன. ஆனாலும் இதை அதே குழு என்று தயங்காமல் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது சரிதான் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்பே அவர்கள் புகழ்பெற்றவர்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்த்தோக் 1928இல் எழுதிய நான்காவது குவார்டெட்டை (இப்படி நால்வர் வாசிக்கும் படைப்புக்கும் குவார்டெட் என்றே பெயர்) இவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் எழுதிய குவார்டெட்டை 1936 டிசம்பரில் ரோம் நகரில் முதன்முதலாக மேடையேற்றியவர்களும் இவர்களே. அதன் மெதுவான நடுப்பகுதியைத்தான் பார்பரே பெரிய நரம்பிசைக் குழுவுக்காக விரித்தெழுதினார். துக்க நாட்களில் உலகெங்கும் ஒலிக்கும் அந்த இசை நான்கு பேர் வாசிப்பதற்காகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1940 மே மாதத்தில், பீத்தோவனின் குவார்டெட்டுகள் அனைத்தையும் வரிசையாக வாசிப்பதற்காக அவர்கள் மேடிசனுக்கு வந்திருந்தார்கள். பீத்தோவன் இந்த வகையில் 16 படைப்புகள் எழுதியிருக்கிறார். அவற்றை முழுவதும் வாசிக்கப் பல கச்சேரிகள் தேவைப்படும். அந்தக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், மே 10ஆம் தேதி, ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. அந்த மாத முடிவுக்குள் நாடு சரணடைந்தது. திரும்பிப் போக வீடில்லாமல் போய்விட்டது என்று தெரிந்த பிறகு வில்லை எடுத்துத் தந்தியில் வைப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் அவர்களை அங்கேயே தங்கிவிடுமாறு அழைத்தது. சம்பளமும், ஒத்திகைக்கு இடமும், கற்றுக்கொடுக்க மாணவர்களும் கிடைத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு நால்வர் குழுவைத் தன்னோடு நிலையாக வைத்துக்கொண்டதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு என்று சொல்வார்கள். இன்று அந்த நாட்டில் பல இசைப் பள்ளிகள் இப்படி ஒரு குழுவை அமர்த்தியிருக்கின்றன. புடாபெஸ்டில் 1975இல் தொடங்கிய டக்காச் குவார்டெட் கொலராடோ பல்கலைக்கழகத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று.

சம்பளம் என்பதை நான் சிறிய செய்தியாகச் சொல்லவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி கிடைக்கும் தொகையில் வாழும் நால்வர், அடுத்த மாதம் எந்த ஊரில் எதை வாசிக்கக் கேட்கிறார்களோ அதைத்தான் பயில முடியும். மாதச் சம்பளமும் சாவி கையிலுள்ள ஓர் ஒத்திகை அறையும் இருந்தால், யாரும் கேட்காத ஒரு புதிய படைப்பில் அவர்கள் வாரக்கணக்கில் உழைக்கலாம். ஓரிடத்தில் ஒலி ஒத்துவரவில்லையென்றால் அந்த இடத்து நான்கு தாள அளவுகளுக்காகவே ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம். நான் ஒரு பல்கலைக்கழக நகரத்தில் வாழ்ந்த ஆண்டுகளில், அங்கு தங்கியிருந்த ஒரு குழு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. பார்த்தோக்கின் அந்த நான்காவது குவார்டெட்டில், வில்லையே தொடாமல் நால்வரும் தந்திகளை விரலால் மீட்டும் ஒரு பகுதி வருகிறது; சில இடங்களில் தந்தியை மேலே இழுத்து, அது விரற்பலகையில் பட்டெனத் தெறிக்கும்படி விட வேண்டும். மாணவர்கள் ஒவ்வொருவரும் சரியாகவே தெறிக்கவிட்டார்கள், ஆனால் நான்கு வெவ்வேறு சத்தங்கள் கேட்டன. ஆசிரியர் எதையும் விளக்காமல் தன் செல்லோவைக் கொண்டுவந்து செல்லோ மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அந்த ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் வாசித்தார். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, அவள் கை இழுக்கும் தூரம் அவர் கை இழுக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. மற்ற மூவரும் அவளைப் பின்பற்றினார்கள். தங்கியிருப்பவரால் மட்டுமே இப்படிக் கற்றுக்கொடுக்க முடியும். மாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த ஒன்பதாவது முறைக்கு நேரமிருக்காது.

மேடிசனுக்குத் திரும்புகிறேன். தங்க இடம் கிடைத்த அதே ஆண்டின் நவம்பர் மாதத்தில், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் முதல் வயலின் கலைஞருமான அல்ஃபோன்ஸ் ஒன்னு நோயுற்று இறந்துபோனார். அந்த இடத்துக்கு ஸ்பெயினில் பிறந்த அன்டோனியோ புரோசா வந்தார். 1944இல் அவருக்கு அடுத்து வியன்னாவைச் சேர்ந்த ருடால்ஃப் கோலிஷ் வந்தார். கோலிஷ் சிறுவயதில் இடது கை விரலில் பட்ட காயத்தால் வில்லை இடது கையில் பிடித்து வாசித்தவர், இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்கின் மைத்துனர், தம் பழைய குழுவினரோடு தாள் எதுவும் இல்லாமல் மனப்பாடமாகவே மேடையில் வாசித்தவர். அவர் 1967 வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். செல்லோ வாசிக்கும் பாரி கார்ப் குழுவில் சேர்ந்தது 1976இல். இப்படி ஒருவர் விலகும்போது மற்றவர்கள் இருந்து, புதிதாக வருபவருக்குத் தங்கள் வாசிப்பின் பழக்கங்களைக் கைமாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் இது அதே குழு என்கிறேன்.

ஒன்னுவின் நினைவாக, குழுவின் வியோலா கலைஞர் ஜெர்மேன் பிரெவோ கேட்டுக்கொண்டதற்கிணங்க, ரஷ்யாவில் பிறந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி 1944இல் ஓர் இரங்கல் இசை எழுதினார். அது ஒற்றை வியோலாவுக்கானது. தொடக்கம் முதல் முடிவு வரை தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் மேல், ஒலியைத் தணிக்கும் மியூட்டைப் பொருத்தியே வாசிக்க வேண்டும், ஒரே ஆள் இரண்டு குரல்களை ஒருசேர எழுப்ப வேண்டும். நால்வர் குழுவின் தலைவருக்காக எழுதப்பட்ட இசையில் நால்வர் இல்லை. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தேடித் தொடர்வது மட்டும் கேட்கிறது. ஒரு மாலை, ஏறத்தாழக் காலியாயிருந்த அரங்கில், தேர்வுக்காக ஒரு மாணவர் அதை வாசிக்கக் கேட்டேன். ஐந்து நிமிடங்கள்கூட இருக்காது. கடைசி ஒலி அடங்கிய பிறகும் அவர் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, குதிரையிலிருந்து மியூட்டை மெல்லக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்து வாசிக்க வேண்டிய தாளைப் புரட்டினார்.