பதிவேட்டில் எப்போதும் நான்கு டிகிரி

ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய தடுப்பூசிக் குளிர்பெட்டி மின்வெட்டில் நின்றுபோன நாட்களிலும் (உப்புக்காற்றில் துருவேறிய ஜெனரேட்டரை நம்பிப் பயனில்லை), வெப்பநிலைப் பதிவேட்டில் ஒரே பேனாவால் '4, 4, 4' என்று எழுதப்பட்டிருந்தது. அதை மேலிடத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்த செவிலியர் அக்காவுக்கு இடமாறுதல் ஆணைதான் பதிலாக வந்தது.

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் பெயரில்லாப் புகாரை அது ஏற்காது. ஆகவே தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்கீழ், என் பெயரிலேயே, பத்து ரூபாய் கட்டணத்துடன் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். 30 நாள் கடந்தும் பதில் இல்லாததால் முதல் மேல்முறையீட்டை நேற்று அனுப்பினேன்.

அக்கா இப்போது இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறார்.