சிவப்பில் நின்ற நாடா

திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல்கையில் இன்று சுற்றிய நாடா, ஊட்டச்சத்துக் குறைபாட்டை நிறத்தில் காட்டும் அளவு நாடா, சிவப்பில் நின்றது. 11.2 செ.மீ.

11.5-க்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அங்கிருந்து 12.5 வரை மஞ்சள்.

இடது கை தளர்ந்து தொங்கணும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளக்கணும். இறுக்கினால் நல்ல பிள்ளையும் சிவப்பாகும். தளரவிட்டால் சிவப்பு மஞ்சளாகத் தெரியும், அதுதான் ஆபத்து.

கூலி ஆயிரம் கல் கணக்கு. தலைக்கு மேல் முன்பணக் கடன். பிள்ளைக்கு ஊட்ட அம்மா உட்கார்ந்தால் கல் குறையும்.

கருவிலிருந்து இரண்டு வயது வரை உள்ள 1000 நாளில் விட்ட வளர்ச்சியைப் பின்னால் பிடிப்பது கஷ்டம். படிப்பிலும் தெரியும், நாளைய கூலியிலும் தெரியும்.

வெளிமாநிலப் பிள்ளைக்கும் நம் அங்கன்வாடியில் உரிமை உண்டு. ஊரில் எடுத்த முன்னுரிமை ரேஷன் கார்டுக்கு இங்கேயே ஆளுக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி பங்கை அங்கேயே விட்டுவைக்கலாம். மண் பிசைந்து தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால், கார்டில் பெயருள்ள வேறொருவரைக் கூட்டிப் போங்கள்.

நாடா சிவப்பு, கூடவே பாதம் வீங்கியிருந்தாலோ பிள்ளை சாப்பிட மறுத்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனை. சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம்.