அம்மாவின் அறையிலிருந்து ஹோல் கணினியில் வேலை

நான் கொழும்பு, புறக்கோட்டைக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு மென்பொருளுக்கு ஒரு கணினிக்கு மட்டுந்தான் லைசென்ஸ். அது இருப்பது எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் முன் ஹோலில் உள்ள டெஸ்க்டாப்பில். அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, இரவில் யாராவது அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி வந்தது. மாத முடிவு, வற் (VAT) வரிக் கணக்கு வேறு காத்துக்கிடந்தது. பின் அறையில் அம்மாவின் கட்டிலோரம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஹோல் கணினியை இயக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. ஒரு சதம் செலவில்லை.

இணையத்தைச் சுற்றி வந்து இன்னொரு கணினியை இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருள்கள் பலருக்குத் தெரியும். ஆனால் இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கும்போது கடைக்காரர்களின் கணக்கு ஏன் வெளியே போய் வரவேண்டும்? விண்டோஸிலேயே அதே வேலைக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்ற வசதி இருக்கிறது. ஒரேயொரு நிபந்தனை: இயக்கப்படும் கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்பு இன்னொன்றை இயக்கும், தன்னை இயக்க விடாது. நல்லவேளை, டெஸ்க்டாப் புரோ, மடிக்கணினி ஹோம்.

டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப், அதை ஓன் செய்வதோடு அந்தப் பக்க வேலை முடிந்தது. கமாண்ட் விண்டோவில் ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்று அடித்து 192.168.1 என்று தொடங்கும் முகவரியைக் குறித்துக்கொண்டேன். மடிக்கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து அதைக் கொடுத்தால், தொடர்பு கிடைக்கவில்லை.

காரணம் வை-பையில் இருந்தது. எங்கள் ரவுட்டர் இரண்டு பெயரில் வை-பை தருகிறது. ஒன்று வீட்டாருக்கு, மற்றது வருகிற போகிறவர்களுக்கான கெஸ்ட். மடிக்கணினி கெஸ்ட்டில் இருந்தது. இணையம் ஒழுங்காக வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் கெஸ்ட்டில் இருக்கும் கருவி வீட்டின் மற்றக் கருவிகளைத் தொடமுடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். அதற்காகத்தானே கெஸ்ட் என்று ஒன்றை வைப்பதே. வீட்டு வை-பைக்கு மாறியவுடன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தது.

இனி வருவதுதான் பலரும் சலித்துப்போய் விட்டுவிடும் இடம். நாங்கள் தினமும் கணினியைத் திறப்பது நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணால். அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டுமே, ரிமோட்டில் எடுபடாது. மைக்ரோசொஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். அவற்றைச் சரியாகக் கொடுத்தும் பிழை என்றே வந்தது. எப்போதும் பின் எண்ணாலேயே திறந்துவந்த கணினியிடம், சரிபார்க்க அந்தக் கடவுச்சொல் இருக்கவில்லை. சைன்-இன் ஒப்ஷன்ஸில் விண்டோஸ் ஹெலோ (பின் எண், முகம், கைரேகை) மட்டும் போதும் என்றிருந்த தெரிவை நிறுத்தி, டெஸ்க்டாப்பில் நேரடியாக ஒரு தடவை கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனேன். அப்புறம் மடிக்கணினியிலிருந்தும் கதவு திறந்தது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கு என்றால், ஒன்றை வைக்கும்வரை விண்டோஸ் உள்ளே விடவே விடாது.

எனக்கு மிகப் பெரிய ஆறுதல் பாமினி. கடைக்காரர் ஒருவரின் பழைய பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினிக்குக் கொண்டுவந்து திறந்தால் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ரிமோட்டில் பார்ப்பது டெஸ்க்டாப் வரைந்து அனுப்பும் திரை என்பதால், அங்கே பாமினி இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய், பருப்பு, செத்தல் மிளகாய் என்று வரிவரியாக அழகாக வந்து நின்றது. மடிக்கணினியில் ஒரு எழுத்துருவும் ஏற்றவில்லை.

நாலைந்து நாள் நன்றாகப் போனது. பிறகு ஒரு மின்வெட்டு. கரண்ட் வந்து ரவுட்டர் திரும்ப எழும்பியபோது டெஸ்க்டாப்புக்கு வேறு முகவரி கொடுத்திருந்தது. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், அந்தக் கணினிக்கு இந்த முகவரிதான் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். கரண்ட் வந்ததும் டெஸ்க்டாப் தானாக எழும்பும்படி பயோஸிலும் (விண்டோஸுக்கு முன்னமே ஓடும் அடிப்படை அமைப்பு) ஒரு தெரிவை மாற்றினேன். ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்ஸையும் மாற்றவேண்டும். தூங்கும் கணினி கூப்பிட்டால் பதில் சொல்லாது, திரை அணைந்திருப்பதில் பிரச்சினை இல்லை. இவ்வளவும் செய்தால் லொகின் திரையில் நிற்கும் கணினிக்குள்ளும் நுழையலாம், யாரும் ஹோலுக்கு எழும்பிப் போகத் தேவையில்லை.

ரிமோட் டெஸ்க்டாப்பில் நான் இருக்கும்போது ஹோல் திரை பூட்டிக்கொள்ளும். கணக்கு வேலைக்கு அது நல்லது. அப்பாவுக்கு ஏதாவது காட்டிக்கொடுக்க உதவாது. "தங்கச்சி, இங்க ஒண்டும் தெரியேல்லை" என்று அங்கிருந்து குரல் வரும். அதற்கு டைட்விஎன்சி என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஒரே திரையை இருவரும் பார்க்கலாம், நான் சுட்டியை நகர்த்துவதை அப்பா அங்கே இருந்து பார்ப்பார். அதில் கடவுச்சொல் 8 எழுத்துக்கு மேல் எடுபடாது, போகிற தகவலும் மறைகுறியாக்கப்படுவதில்லை. வீட்டுக்குள் மட்டும் பாவிக்கவேண்டியது அது.

கணினி திருத்துகிற ஒருவர், ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் கடையிலிருந்தும் வேலை செய்யலாம் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழமையான வாசல், உலகம் முழுவதும் அதைத் தட்டிப்பார்க்கும் ஆட்கள் இரவு பகலாக இருக்கிறார்கள். 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, கைவிட்டுப் பல வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தை யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் ஒரு விபிஎன் (இணையத்தினூடே போகும் பாதுகாப்பான தனிப்பாதை) வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து, பிறகு இதே முகவரியைக் கொடுங்கள். எனக்கு இன்னும் அந்தத் தேவை வரவில்லை.