சாம்பல் கோழிக்கு ஒரு கணக்கு

கலர் கலராகக் கோழி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: கண்ணுக்குப் பிடித்த நிறத்திலெல்லாம் ஒன்றொன்று வாங்கி ஒரே கூண்டில் விட்டுவிடுவார்கள். முதலில் பொரிக்கும் குஞ்சுகள் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் அவற்றுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து, கறுப்பும் பழுப்புமாக எல்லாம் ஒரே ஜாடையில் வந்து நிற்கும். சில நிறங்கள் ஏறி நிற்கும், சில பதுங்கிக்கொள்ளும். எது எப்படி என்று தெரிந்து ஜோடி சேர்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நீலச் சாம்பல். அது தனி நிறமே இல்லை, கறுப்பை நீர்க்கச் செய்யும் ஒரு மரபணு. தாய், தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்தால் கறுப்பு சாம்பலாகும், இரண்டிடமிருந்தும் வந்தால் கிட்டத்தட்ட வெள்ளையாகி அங்கங்கே சாம்பல் தெறித்த மாதிரி இருக்கும். அதனால் சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் பாதிதான் சாம்பல் வரும்; கால் பங்கு கறுப்பு, கால் பங்கு தெறிப்பு. எல்லாக் குஞ்சும் சாம்பலாக வேண்டுமா? தெறிப்புச் சேவலைக் கறுப்புப் பெட்டைகளோடு விடுங்கள். ஜோடியில் ஒன்றுகூடச் சாம்பல் இல்லாமல் குஞ்சு அத்தனையும் சாம்பலாக வருவதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல சாம்பல் பெட்டையைக் கையில் பிடித்து மார்பு இறகு ஒன்றை விலக்கிப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய கருங்கோடு ஓடும், அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

வெள்ளையை நம்பாதீர்கள். ஒரு வகை வெள்ளை மற்ற நிறங்களை மூடிவிடும், குஞ்சுகளும் பெரும்பாலும் வெள்ளையாகவே வந்து ஒன்றிரண்டு கரும்புள்ளி மட்டும் தெரியும். இன்னொரு வகை பதுங்கும் வெள்ளை. அதை நிறக்கோழியோடு சேர்த்தால் ஒரு வெள்ளைக் குஞ்சுகூட வராமல், பேரக்குஞ்சுகளில் கால் பங்கு வெள்ளை திடீரென்று முளைக்கும். வெளியில் பார்த்து எந்த வெள்ளை என்று சொல்ல முடியாது, பொரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரிக்கோழியில் இன்னொரு வசதி இருக்கிறது. வரி மரபணு, குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருப்பதால், பெட்டை தன்னுடைய வரியை மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். வரி இல்லாத கறுப்புச் சேவலோடு வரிப்பெட்டையைச் சேர்த்தால், பொரித்த அன்றே உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், பொட்டு இல்லாமல் முழுக் கறுப்பாக இருப்பது பெட்டை. சேவலுக்குத்தான் வரி என்று இருந்தால் இந்தக் கணக்கு வேலை செய்யாது, அதை மறக்க வேண்டாம்.

மொட்டைக்கழுத்துக் கோழி சிலருக்குப் பார்க்க அருவருப்பு, எனக்கு இல்லை. இறகு குறைவு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும். கழுத்தின் முன்பக்கம் கொஞ்சம் இறகுக் குஞ்சம் இருந்தால் அதற்குத் தாய், தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும்தான் மொட்டை வந்திருக்கிறது என்று அர்த்தம். கொண்டை வடிவமும் இதே மாதிரி கணக்குத்தான். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டுபிடித்த மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று ஆங்கிலேய உயிரியலாளர் பேட்சன் 1902-இல் காட்டியதே கோழிக் கொண்டையை வைத்துத்தான்.

சுருள் இறகுக் கோழிகள் இரண்டை மட்டும் ஜோடி போடாதீர்கள். கால் பங்குக் குஞ்சுகளுக்கு இரட்டைச் சுருள் விழும். இறகு நொறுங்கி, பாதி உடம்பு வெறுமையாகிக் குளிரில் வாடும். சுருளுக்குச் சாதா இறகுக் கோழிதான் சரியான ஜோடி, பாதிக் குஞ்சுகள் சுருளாகவே வரும். குட்டைக்கால் கோழியோடு குட்டைக்காலைச் சேர்த்தால் இன்னும் மோசம், கால் பங்குக் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அழகுக்காக இதைத் தெரிந்தே செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

சேவலை மாற்றினால் உடனே முட்டையை எடுத்து அடை வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும், நான் மூன்று வாரம் விடுகிறேன். முட்டையில் பென்சிலால் தாய் யார் என்று எழுதிவிடுவேன். பொரித்ததும் குஞ்சின் காலில் கலர் வளையம், கால் தடிக்கத் தடிக்க மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வளையம் சதையில் பதிந்துவிடும். குஞ்சு ரோமத்தைப் பார்த்து நிறத்தை முடிவு கட்ட வேண்டாம், இறகு உதிர்ந்து உதிர்ந்து முளைத்து உண்மையான நிறம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு நல்லதைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்று, நிறம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஆளைப் பாய்ந்து கொத்தும் சேவலை நான் இனத்துக்கு விடுவதில்லை. பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும், எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மீதியை எங்கே வைப்பது என்பதை அடை வைக்கும்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.