மண்டையோட்டில் நரம்புக் கம்பி கோத்தது: வலப்பக்கம் முடிந்தது

மூளை நரம்புகள் (ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டவை) மண்டையோட்டுத் துளைகள் வழியே போகும் பாதையைக் கம்பியால் காட்டும் மாதிரி இது. எடுத்துக்கொண்டது உச்சி மூடியும் தாடையும் தனியே கழலும் ஆள் அளவு பி.வி.சி. மண்டையோடு. நரம்புக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஜூலு கூடை பின்னுகிறவர்கள் பயன்படுத்தும் தொலைபேசிக் கம்பியே போதும். மேலுறையோடு சுமார் 1 மி.மீ. பருமன், பல நிறம், வளைத்தால் வளைத்தபடியே நிற்கும். நூலும் கம்பளியும் நிற்காது. இந்த வேலையில் பாதி வளைவுதான். துளைக்கக் கையால் திருகும் சின்ன ட்ரில். மோட்டாரில் வேகமாக ஓட்டினால் பி.வி.சி. இளகி பிட்டில் (துளைக்கும் முனையில்) சுற்றிக்கொள்ளும்.

விலை குறைந்த மாதிரிகளில் பல துளைகள் வெறும் பள்ளம். ஃபோரமென் ஓவாலே (நீள்வட்டத் துளை) பெரும்பாலும் திறந்திருக்கும், ஐந்தாம் நரம்பின் மூன்றாம் கிளை அதில் நேரே கீழே இறங்கிவிடும். அதே நரம்பின் இரண்டாம் கிளைக்கான வட்டத் துளை, ரொட்டண்டம்தான் படுத்தும். அதைக் கீழ்நோக்கிக் குத்தக் கூடாது, 3 மி.மீ. பிட்டை முன்னோக்கிப் பிடிக்க வேண்டும். முனை மேலே ஏறினால் கண்குழிக்குள் உடைத்துக்கொண்டு போகும். சரியாகப் போனால் மேல்தாடைக்குப் பின்னால் உள்ள குழியில் வெளிவரும். அங்கே கம்பியை வெளிப்பக்கம் வளைத்து, கீழ்க் கண்குழிப் பிளவில் ஏற்றி, கண்ணுக்குக் கீழுள்ள கன்னத் துளையில் எடுக்கலாம்.

மேல் கண்குழிப் பிளவில் 7 கம்பிகள். எல்லாவற்றையும் கட்டாகத் திணிப்பது வழக்கம், பார்க்கவும் அழகுதான், ஆனால் தவறு. கண் தசைகள் தொடங்கும் வளையத்துக்கு உள்ளே சில நரம்புகளும் வெளியே சில நரம்புகளும் போகும். அந்த வளையத்துக்காக மணி கோக்கும் எலாஸ்டிக்கில் ஒரு சிறு வளையம் ஒட்டி, பார்வை நரம்புத் துளையையும் பிளவின் உட்பாதியையும் அதற்குள் அடக்கினோம். வளையத்துக்கு வெளியே, மேலே: ஐந்தாம் நரம்பின் முதல் கிளையிலிருந்து லாக்ரிமல், ஃப்ரண்டல்; கூடவே நான்காம் நரம்பு. உள்ளே: மூன்றாம் நரம்பின் இரு பிரிவுகள், ஐந்தாம் நரம்பின் அதே முதல் கிளையின் நேசோசிலியரி, ஆறாம் நரம்பு.

ஏழாவதான முக நரம்புக்குத்தான் அதிக நேரம் போனது. உட்செவித் துளையில் அது முன்-மேல் கால்பாகத்தில் நுழைகிறது. கேள்வி நரம்பு அதற்கு நேர் கீழே, சமநிலை நரம்பின் இரு கிளைகள் பின்னால். பிறகு எலும்புக்குள் சுமார் 30 மி.மீ., இரண்டு திருப்பங்கள். நேரான பிட் திருப்பத்தில் திரும்பாது. எனவே உட்செவி அடங்கிய எலும்பின் கூரையை மேலிருந்து கூர்கத்தியால் திறந்து, வாய்க்கால் போலச் செதுக்கி, முழங்கால் எனப்படும் முதல் திருப்பத்தில் கம்பியைச் சட்டென்று பின்னோக்கி மடக்க வேண்டும். கீழிருந்து, ஸ்டைலாய்டு முள்ளுக்கும் காதுப் பின்மேட்டுக்கும் நடுவில், 1.5 மி.மீ. பிட்டால் செங்குத்தாக 13 மி.மீ. ஏற்றினால் வாய்க்காலோடு சேரும். மேலே தெளிந்த எப்பாக்ஸி. சூப்பர் க்ளூ வேண்டாம், டர்பன் கோடைப் புழுக்கத்தில் சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும்.

கழுத்துச் சிரை இறங்கும் ஜுகுலர் துளையில் ஒன்பதாவது நரம்பு முன்னால், பத்தாவதான வேகஸும் பதினொன்றாவதும் பின்னால். பதினொன்றின் முதுகுத்தண்டு வேர் முதலில், மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெருந்துளை வழியே மேலே ஏற வேண்டும். (1925இல் உடற்கூறியலாளர் ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்கப் புதைபடிவமான டாங் குழந்தை நிமிர்ந்து நடந்த இனம் என்றதற்கு ஆதாரமாகக் காட்டியது இதே பெருந்துளை முன்தள்ளி இருந்ததைத்தான்.) பன்னிரண்டாவதற்குப் பெருந்துளை ஓரத்தில், பிடரிக் குமிழுக்கு மேலே உள்ள துளை. குமிழுக்குப் பின்னால் இருப்பது சிரைக்கானது, அதில் கோக்க வேண்டாம்.

மண்டையோட்டின் அடியிலுள்ள லாசரம் என்ற துளையில், மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனிக்குச் சிவப்புக் கம்பியை மேலிருந்து கீழாக விட்ட மாதிரிகள் நிறைய. உயிருள்ளவர்களில் அதன் அடிப்பகுதி குருத்தெலும்பால் அடைபட்டிருக்கும்; தமனி அதன் மேலாகத்தான் கடக்கிறது.

பாக்கி: நாக்கின் சுவைக்கான சிறு கிளை, கார்டா டிம்பானி. முக நரம்பிலிருந்து, அது வெளிவரும் துளைக்குச் சற்று மேலேயே பிரிவதால், அந்த 1.5 மி.மீ. துளையில் இரண்டாவது தொலைபேசிக் கம்பிக்கு இடமில்லை. உறை உரித்த மெல்லிய செம்புக் கம்பியை இடப்பக்கத்தில், எப்பாக்ஸி ஊற்றும் முன்பே வைக்க வேண்டும்.