காசியை நடந்து பாருங்கள்

காசியிலிருந்து நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அம்மாவின் கம்பளிச் சால்வையில் அந்த ஊர்ச் சந்துகளின் விறகுப் புகை அப்படியே இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கே தங்குவது, என்ன செலவு, எதை முதலில் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கோபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தங்கிய விடுதியில் நம் பக்கத்திலிருந்து ஒரு சுற்றுலாக் குழு வந்திருந்தது. நாற்பது பேர், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். காசி, கயா, பிரயாகை மூன்றுக்கும் சேர்த்து ஆறு நாள். அதில் காசிக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். அதிகாலையில் ஒரு முழுக்கு, வரிசையில் நின்று ஒரு தரிசனம், ஒரு பட்டுக்கடை, மறுபடி பேருந்து. பட்டுக்கடையில் மட்டும் இரண்டு மணி நேரம்! "கங்கைக்கரையில சும்மா கொஞ்ச நேரம் உட்காரணும்னு நெனச்சேன், விடவே இல்லம்மா" என்று ஒரு பாட்டி என் அம்மாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் வந்தவர். எனக்கு வயிறு எரிந்தது. காசிக்கு நான்கு நாள் கொடுங்கள். முடியாவிட்டால் மூன்று. அதற்கும் குறைவாகக் கூட்டிப் போகிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

ஜனவரிப் பனிமூட்டத்தில் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். எங்கள் வண்டி ஏழு மணி நேரம் தாமதமாகி, இரவு பதினொன்றரைக்குக் கொண்டுபோய் விட்டது. நிலைய வாசலில் ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார். நாங்கள் தங்கவிருந்த அனுமன் கட்டம் (கட்டம் என்றால் ஆற்றுப் படித்துறை) அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். பேரம் பேசி 400க்கு ஏறினோம். மூடுபனியில் எதிரே வரும் வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கோதவுலியா நாற்சந்தியில் நிறுத்திவிட்டு, "இதற்கு மேல் வண்டி போகாது, இறங்குங்கள்" என்றார். அதோடு பெட்டிக்குத் தனியாக 200 கேட்டார். நடுராத்திரி, மொழி சரியாக வராது, கூட வயதான அம்மா. கொடுத்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். மறுநாள்தான் தெரிந்தது, கோயில் இருக்கும் கோதவுலியா பக்கம்தான் வண்டிக்குத் தடை. அனுமன் கட்டத்துக்குச் சோனார்புரா சாலை வழியாக வந்தால் சந்து முனை வரைக்கும் ஆட்டோ வரும். ஆகவே ஏறும்போதே "சோனார்புரா வழி" என்று சொல்லி, பெட்டிக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்று பேசிவிடுங்கள். பகலாக இருந்தால் மின்சார ரிக்சாவில் பங்கு போட்டுப் போகலாம், ஆளுக்கு 30 ரூபாய்.

அறை வாடகை ஒரு நாளைக்கு 900. சுடுதண்ணீர் வாளிக் கணக்கில்தான் தருவார்கள். அந்தக் குளிருக்கு அது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் காலையில் கதவைத் திறந்து சந்துக்கு வந்தவுடன் எல்லாம் மறந்துபோனது. தமிழில் பெயர்ப்பலகைகள். "வாங்கம்மா, காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் ஒரு வைதிகர். இங்கேதான், 1898இல் தந்தையை இழந்த பதினைந்து வயதுப் பையன் சுப்பையா, அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நாம் படத்தில் பார்க்கும் அந்த முறுக்கு மீசையும் தலைப்பாகையும் பாரதிக்கு இந்த ஊர் கொடுத்தவை. அவர் இருந்த வீட்டின் ஒரு பகுதி இப்போது நினைவிடம். சின்ன அறைதான், நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கங்கை. எட்டயபுரத்துப் பையன் ஒருவன் தினமும் பார்த்த ஆறு இதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

கேதார கட்டத்திலும் இப்படித்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், நம் ஊர்க் கோயில் மதில் மாதிரியே. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் இவ்வளவு தூரம் வந்து மடம் அமைத்த இடம். முகலாய ஆட்சியாளரிடம் பேச இந்த நாட்டு மொழி வேண்டுமே என்று அவர் கலைமகளைப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை என்று மரபாகச் சொல்வார்கள். அம்மா சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஞாபகம் வைத்து, "வெண்டாமரைக்கன்றி" என்று மெதுவாகத் தொடங்கினாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. முடிந்ததும் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

நடக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். தெற்கே அசி கட்டத்தில் தொடங்கி வடக்கே மணிகர்ணிகை வரை நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். மொத்தம் 84 படித்துறை என்பது கணக்கு. துளசிதாசர் வாழ்ந்த துறை, அரிச்சந்திர கட்டம், கேதாரம், தசாசுவமேதம், ராஜபுத்திர மன்னர் மான்சிங் கட்டிய அரண்மனையும் அதன் மாடியில் ஜெய்சிங் அமைத்த வானாய்வுக் கருவிகளும், அப்புறம் மணிகர்ணிகைக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ரத்னேசுவரர் கோயில். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் ஊர் முழுக்க மேற்குக் கரையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்கரை வெறும் மணல். பனி விலகி வெயில் வந்தால் மறைக்க ஒன்றும் இல்லாமல் நேராக முகத்தில் விழும். மழைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள், படிகள் மூழ்கிவிடும், ஒரு துறையிலிருந்து அடுத்ததற்கு நடக்க முடியாது.

மணிகர்ணிகையில் ஒரு எச்சரிக்கை. அங்கே பிணங்கள் இரவு பகல் இல்லாமல் எரிகின்றன. கரையில் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கி, பெரிய தராசில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். நாங்கள் ஒதுங்கி நின்றோம். ஒரு ஆள் வந்து, தானாகவே எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தான். முடிந்ததும், "ஏழைகள் விடுதிக்கு விறகு தானம், ஒரு கிலோ இவ்வளவு, அஞ்சு கிலோவாவது கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டான். மறுத்ததும் பாவம் சேரும் என்று அம்மாவைப் பயமுறுத்தினான். சாவு வீட்டு வாசலில் நின்று பிழைக்கும் இந்த வேலையை நான் மன்னிக்க மாட்டேன். யார் பேச வந்தாலும் கும்பிட்டுவிட்டு நகருங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள். எரிவது ஒரு வீட்டு மனிதர். அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்த இருவரை அங்கேயே ஒருவர் திட்டி விரட்டினார், அது சரியான காரியம்.

படகுக்கு ஒரு மணி நேரத்துக்கு 2,000 என்று தொடங்குவார்கள். மோட்டார் படகில் கூட்டத்தோடு போனால் ஆளுக்கு 150தான், ஆனால் இரைச்சல் தாங்காது. கேதார கட்டத்தில் ஒரு துடுப்புப் படகுக்காரர் தமிழே பேசினார். யாத்திரை வருகிறவர்களோடு பழகிப் பழகி வந்த தமிழ். 600க்கு ஒத்துக்கொண்டார். விடியற்காலை மூடுபனியில் கரையே தெரியவில்லை, எங்கோ மணிச்சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று தண்ணீர் மேல் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பறவைகள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீர்க்காகங்களா என்று அம்மா கேட்டாள். இல்லை, கடற்காகங்கள். பறவைகளுக்குப் போட ஓமப்பொடி மாதிரி ஒன்றைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். எண்ணெயில் பொரித்ததைத் தின்னவா அவை அத்தனை தூரம் பறந்து வந்தன?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் 40 ரூபாய், கூட ஜிலேபி. இதெல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் ‘மலையோ’ என்று ஒன்று! குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பால் நுரை அது. காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைத்து, விடிகாலையில் கடைந்து நுரையை எடுக்கிறார்கள். குங்குமப்பூ, ஏலக்காய் சேர்ந்து இளமஞ்சள் நிறம். மண் குவளையில் கோபுரமாகக் குவித்து, மேலே சீவிய பிஸ்தா தூவித் தருகிறார்கள். கரண்டியை விட்டால் கனமே இல்லை. வாயில் வைத்ததும் நுரை காணாமல் போகிறது, குளிர்ந்த பால் வாசனையும் இனிப்பும் மட்டும் நாக்கில் நிற்கிறது. குவளை அடியில் இரண்டு வாய்ப் பால் தேங்கியிருக்கும், அதைக் கடைசியில் அப்படியே குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், அதனால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஒரு குவளை 50 ரூபாய். நான்கு நாளும் சாப்பிட்டேன், ஒரு நாள் இரண்டு.

விசுவநாதர் கோயில் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. இப்போதுள்ள கோயில் 1780இல் மராட்டிய அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. விமானத்துப் பொன், பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் கொடுத்தது. ஆற்றங்கரை வரை திறந்துவிட்ட புதிய வளாகம் 2021 டிசம்பரில் வந்தது. வயதானவர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. கைப்பேசி உள்ளே கூடாது என்பதால், வழியில் இருக்கும் கடைகள் "இலவசமாக வைத்துக்கொள்கிறோம்" என்று கூப்பிட்டு 300 ரூபாய்க்குப் பிரசாதத் தட்டு கட்டிவிடும். அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கோயிலைவிட என் மனதில் நின்றது வெளியே சந்தில் பார்த்தது. இருட்டிய பிறகு ஒரு கடையோரம் நின்றிருந்தோம். "சம்போ, சம்போ, மகாதேவா" என்று குரல் கேட்டது. வெள்ளை வேட்டி கட்டியவர்கள் வெள்ளிப் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு வேகமாக வந்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குப் போகும் பால், பூ, சந்தனம். தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் நடக்கிறதாம். மாடு, மோட்டார் சைக்கிள், சுற்றுலாக்காரர் என்று அடைத்துக் கிடந்த அந்த ஒடுங்கிய சந்தில், பான் கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். செட்டிநாட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில், வடநாட்டுக்காரர்கள் "சம்போ" என்று கூடவே சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சாரநாத், புத்தர் முதன்முதலில் போதித்த இடம். பத்து கிலோமீட்டர், ஆட்டோ போக வர 500. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் கிடையாது, அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாரநாத்தில் பார்க்க வேண்டியதே உள்ளே இருக்கும் அந்தச் சிங்கத் தூணின் தலைப்பகுதிதான். ரூபாய் நோட்டிலும் கடவுச்சீட்டிலும் பார்த்துப் பழகிய சின்னம், ஏழடி உயரத்தில் கண்முன்னே. அசோகர் காலத்துக் கல்லில் இன்றைக்கும் மெருகு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. காலடியில் யானை, குதிரை, எருது, சிங்கம், நடுவில் சக்கரங்கள். குதிரையின் கால் தசை ஓடும்போது விறைப்பது வரை செதுக்கியிருக்கிறார்கள். அடியில் கவிழ்ந்த தாமரை ஒன்று உண்டு. 1950இல் அரசுச் சின்னமாக எடுத்தபோது அதை விட்டுவிட்டார்கள். சுற்றி நடந்து நான்காவது சிங்கத்தையும் பாருங்கள்.

ரயில் கட்டணம் போக நான்கு நாளில் இரண்டு பேருக்கு 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் நாள் ராத்திரி ஆட்டோவுக்குக் கொடுத்த 600 ரூபாயும் இதில் அடக்கம்.

கடைசி நாள் காலை கேதார கட்டத்தில் அம்மா முழுகி எழுந்தாள். காசிக்கு வந்தால் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட வேண்டும் என்பது வழக்கம். "பாகற்காயை விட்டுடு" என்று ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "கத்திரிக்காய்" என்றாள். வாரத்துக்கு மூன்று நாள் எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கிறவள். "ஏம்மா?" என்றேன். "பிடிக்காததைக் குடுத்தா அது குடுத்ததாகுமா?" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு சின்னச் செப்புச் செம்பில் தண்ணீர் மொண்டு, படி மேலே இருந்த பெரியவரிடம் கொடுத்தாள். அவர் செம்பின் வாயில் தகட்டை வைத்து, பழுக்கக் காய்ந்த கம்பியால் ஈயத்தைத் தொட்டுத் தொட்டு விளிம்பைச் சுற்றி அடைத்தார். ஒரு கீற்றுப் புகை எழுந்து அடங்கியது. தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார், ஒழுகவில்லை. 80 ரூபாய். அம்மா பேரம் பேசவில்லை. அடுத்த மாதம் ராமேசுவரத்துக்குப் போக வேண்டும், ரயில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.